கப்பல் உடைந்த கரையில் கூடாரங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து விக்டோரியா, சியாட்டில் துறைமுகங்களுக்குப் புறப்பட்ட ‘வலென்சியா’ என்ற நீராவிக் கப்பல் 1906 ஜனவரி 22ஆம் தேதி இரவு வழி தவறிப்போனது. எங்கும் மூடுபனி. நட்சத்திரமும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. ஹுவான் டி ஃபூகா நீரிணைக்குள் கிழக்கே திரும்ப வேண்டிய கப்பல் அதன் வாயைத் தவறவிட்டு வடக்கே போய், நள்ளிரவை ஒட்டி வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் ஒரு பாறையில் ஏறி நின்றது. கரை மிக அருகில்தான். ஆனால் கால் வைக்க இடமில்லாமல் செங்குத்தாக எழும் பாறைச் சுவர் அது. இருட்டில் அவசர அவசரமாக இறக்கிய படகுகள் கவிழ்ந்தன. மிஞ்சியவர்களில் பலர் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பாய்மரக் கயிறுகளைப் பற்றித் தொங்கினார்கள். உதவிக்கு வந்த கப்பல்களால் அலையைத் தாண்டி நெருங்க முடியவில்லை. ஒன்றரை நாள் இப்படியே கழிந்து, கடைசியில் கப்பல் உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 37 பேர், அத்தனை பேரும் ஆண்கள்.

அவர்களில் ஒன்பது பேர் அலையில் அடிபட்டுக் கரையேறி, பாறையைப் பற்றி மேலே வந்தபோது, மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஒரு தந்திக் கம்பி கண்ணில் பட்டது. அதன் வழியே நடந்து, கம்பியைப் பழுதுபார்ப்பவரின் குடிசையை அடைந்து, அங்கிருந்து கேப் பீல் கலங்கரை விளக்கத்துக்குச் சேதி சொன்னார்கள். விபத்து நடந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் பேம்ஃபீல்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஃபேனிங் தீவு, ஃபிஜி என்று தொட்டுத் தொட்டு ஆஸ்திரேலியாவரை போகும் கடலடிக் கம்பிவடம் 1902இல் அங்கிருந்துதான் இறங்கியது. பசிபிக்கின் மறுகரைக்குச் சேதி அனுப்ப முடிந்த ஊர் அது. பக்கத்துக் குன்றின் அடியில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சேர ஒழுங்கான ஒற்றையடிப் பாதை கிடையாது.

மாலுமிகள் இந்தக் கரையைப் ‘பசிபிக்கின் இடுகாடு’ என்றார்கள். வான்கூவர் தீவு கனடாவின் மேற்கு ஓரத்தில், 31,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், இலங்கையில் ஏறத்தாழப் பாதி அளவுக்குக் கிடக்கிறது. அதன் கிழக்குப் பக்கம் நிதானமானது: ஊர்கள், பண்ணைகள், படகுத்துறைகள். மேற்குப் பக்கத்துக்கும் ஜப்பானுக்கும் நடுவே ஒரு தடுப்பும் இல்லை. குளிர்காலப் புயல்கள் முழுப் பசிபிக்கின் விசையையும் திரட்டிக்கொண்டு வந்து இந்தப் பாறைகளில்தான் முதலில் மோதுகின்றன.

வலென்சியாவுக்குப் பிறகு கனடா அரசால் சும்மா இருக்க முடியவில்லை. 1908இல் பச்சீனா முனையில் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. பேம்ஃபீல்டில் உயிர்காப்புப் படகு நிறுத்தினார்கள். தந்திக் கம்பி போட்டபோது காட்டில் வெட்டிய தடத்தை அகலப்படுத்தி ‘உயிர்காப்புத் தடம்’ ஆக்கினார்கள். வழியில் சிறு குடில்கள் கட்டி, உள்ளே உணவும் போர்வையும் தொலைபேசியும் வைத்தார்கள். எந்த நாட்டு மாலுமி ஒதுங்குவான் என்று தெரியாதல்லவா, தொலைபேசியைப் பயன்படுத்தும் முறையைப் பல மொழிகளில் எழுதியும் வைத்தார்கள். கப்பல் உடைந்து கரையேறுபவன் மட்டுமே நடக்க வேண்டிய பாதை என்பதுதான் அன்று அதன் முழு அர்த்தமும்.

ரேடியோவும் நல்ல வழிகாட்டிக் கருவிகளும் வந்ததும் தடத்துக்கு வேலையில்லாமல் போனது. பாலங்கள் இற்றன, சாலால் புதர் மூடியது. 1960களில் முதுகுப்பையோடு சிலர் அதைத் தேடி வந்தார்கள். 1970இல் பசிபிக் ரிம் தேசியப் பூங்காவுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 1973இல் இந்தத் தடமும் அதில் சேர்ந்து ‘வெஸ்ட் கோஸ்ட் டிரெயில்’ ஆனது.

இன்று 75 கிலோமீட்டர். வடக்கே பச்சீனா பே, தெற்கே போர்ட் ரென்ஃப்ரூவை ஒட்டிய கார்டன் ஆறு. நடக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மே முதல் செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். முன்பதிவு, கட்டணம், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு எல்லாம் உண்டு. கிளம்புவதற்கு முன் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுக்கிறார்கள். கரடியிடமிருந்து சோற்றை எப்படிக் காப்பது, ஓத அட்டவணையை எப்படிப் படிப்பது, நிலம் அதிர்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் பாடம். ஓத அட்டவணை தெரியாதவர் இங்கே நடக்கவே முடியாது. கடல் வற்றும்போது பாறைத்தட்டு வழியே நிம்மதியாகப் போகலாம். ஏற்றத்தில் அதே தட்டின் மேல் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

பச்சீனா பேயிலிருந்து 12 கிலோமீட்டர் நடந்தால் மிச்சிகன் ஓடை. அங்கே கடல் வற்றும் நேரத்தில் பாறைத்தட்டில் துருவேறிய கொதிகலன் ஒன்று தலைகாட்டும். 1893இல் உடைந்த ‘மிச்சிகன்’ என்ற கப்பலின் கொதிகலன். அதற்கு நேரே கரையில் கூடாரங்கள் வரிசையாக நிற்கும், கயிற்றில் காலுறைகள் காயும், சிறு அடுப்பில் யாரோ நூடுல்ஸ் வேகவைப்பார்கள். தெற்கே போகப் போகத் தடம் கடுமையாகிறது. ஓடைப் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏற மரஏணிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, சில இடங்களில் ஏழெட்டு மாடி உயரத்துக்கு. பெரிய ஓடைகளின் மேல் எஃகுக் கம்பியில் தொங்கும் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். இரண்டு பேர் மூட்டையோடு எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து பிடியை விட்டால், பெட்டி நடு ஓடைவரை தானாக ஓடிப்போய் நிற்கும். மீதிப் பாதிக்குக் கயிற்றைப் பற்றிக் கை மாற்றிக் கை இழுக்க வேண்டும். மழையில் ஊறிய கயிறு உள்ளங்கையை உரித்துவிடும். முழங்கால்வரை சேறு, வழுக்கும் கட்டை, மரவேர். ஒவ்வொரு பருவத்திலும் கால் பிசகியவர்களையும் எலும்பு முறிந்தவர்களையும் படகில் வந்து தூக்கிப்போகிறார்கள். மூழ்கியவர்களைக் காப்பாற்ற வெட்டிய பாதையில், தானே விரும்பி வந்தவர்களைக் காப்பாற்றும் வேலை நடக்கிறது.

இந்த ஏணிகளையும் வரம்புகளையும் பார்த்து, காட்டை அடக்கி டிக்கெட் போட்டு விற்கிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரம்பு இல்லாத காலத்தில் இந்தக் கரையை நாம் என்ன செய்தோம் என்பதற்கு எழுத்திலேயே சான்று இருக்கிறது. இங்கே இன்று ரசிக்கக் கிடைக்கும் எதுவும் தானாக மிஞ்சியதில்லை. மரமோ விலங்கோ கடலோ, ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ குறுக்கே நின்றிருக்கிறார்கள். அவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணின் பூர்வகுடிகள்.

பச்சீனா பே கரையில் மூட்டையை எடை பார்த்துக் கிளம்பும் நடைக்காரர்கள் நிற்கும் இடம் ஹூ-ஏ-அட் மக்களின் மண். 1700 ஜனவரி 26ஆம் தேதி இரவு இந்தக் கரைக்கு அடியில் சுமார் 9 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் இந்த விரிகுடாவில் இருந்த ஊர் மொத்தமாகப் போனது. மேட்டில் வீடு வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த இந்தக் கதையை 1964இல் தலைவர் லூயிஸ் நூக்மிஸ் சொல்ல, பதிவு செய்தார்கள். வெளியார் அதை அன்று ஒரு பழங்கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு ஊர்ப்பதிவுகளில் ஒரு புதிருக்கு விடை கண்டார்கள். முன்னறிவிப்பாக நிலம் அதிராமலேயே 1700 ஜனவரி இறுதியில் கரையில் ஏறிய அலை எங்கிருந்து வந்தது என்பதே அந்தப் புதிர். அலை இங்கிருந்துதான் போயிருந்தது. நாளும் நேரமும் அதில்தான் உறுதியாயிற்று. முதியவர் சொன்னது நடந்த வரலாறு என்று அறிவியல் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது. ஹூ-ஏ-அட் மக்கள் அந்த ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை. புதிய வீடுகளையும் பொது மண்டபத்தையும் மேட்டில்தான் கட்டியிருக்கிறார்கள். தடம் நெடுக ஹூ-ஏ-அட், டிட்டிடாட், பச்சீடாட் என்ற மூன்று மக்களின் காவலர்கள் ஏணிகளைச் செப்பனிடுகிறார்கள், பழைய ஊர்களின் இடங்களைக் காக்கிறார்கள். நடுவழியில் நிட்டினாட் இடுக்கை நீந்திக் கடக்க முடியாது. டிட்டிடாட் மக்களின் படகில்தான் போக வேண்டும். அந்தத் துறையில் அன்றைக்குப் பிடித்த நண்டை வேகவைத்துத் தருவார்கள். நாலைந்து நாள் பொட்டலச் சோறு தின்றவருக்கு அது விருந்து.

வலென்சியா தவறவிட்ட அதே நீரிணை வாய்க்குள் 2010 ஆகஸ்டில் இன்னொரு கப்பல் நுழைந்தது. தாய்லாந்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் மிதந்து வந்த ‘சன் சீ’. அதில் இருந்தவர்கள் 492 ஈழத்தமிழர்கள், குழந்தைகளும் உண்டு. வழியிலேயே ஒருவர் இறந்திருந்தார். கனடியக் கடற்படை சூழ்ந்துவர, தீவின் தெற்கு முனையில் விக்டோரியாவை அடுத்த எஸ்குவிமால்ட் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ‘ஓஷன் லேடி’ 76 பேரோடு வந்திருந்தது. பலர் மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். இந்தக் கரையைப் பற்றித் தமிழில் எழுதும்போது, அது பொழுதுபோக்குக் கரை ஆகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இதை நோக்கி வந்தவர்கள் நம்மவர்கள் என்பதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தடத்துக்கு வடக்கே, பார்க்லி விரிகுடாவைத் தாண்டி, லாங் பீச். பத்து கிலோமீட்டருக்கும் குறையாத ஒரே மணல் நீட்டம். 1959வரை தீவின் மற்றப் பகுதிகளிலிருந்து இங்கே சாலை கிடையாது. கடல் வழியாகவோ விமானத்திலோதான் வர வேண்டும். அந்த ஆண்டு போர்ட் அல்பர்னியிலிருந்து மலைகளைக் குடைந்து சரளைச்சாலை வந்தது, மரலாரிகளின் சாலை. அதன் வழியே முதலில் வந்தவர்கள் காரை நேராக மணலில் இறக்கி ஓட்டினார்கள், அங்கேயே கூடாரம் அடித்தார்கள். 1960களின் கடைசியில் தெற்கே ஃப்ளோரென்சியா விரிகுடாவில் ஒரு சின்னக் குடியிருப்பே உருவானது. அலை ஒதுக்கிய கட்டைகளால் வீடு கட்டிக்கொண்ட இளைஞர்கள், அவர்களில் வியட்நாம் போருக்குப் போக மறுத்து வந்த அமெரிக்கர்களும் உண்டு. பூங்கா வந்ததும் எல்லோரையும் கிளப்பினார்கள். 1972இல் சாலைக்குத் தார் போட்டார்கள். காருக்கு மணலில் தடை வந்தது.

அந்தக் கட்டைவீடுகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ட்ல-ஓ-க்வி-அட் மக்களின் எசொவிஸ்டா என்ற ஊர் லாங் பீச்சை ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் பூங்கா எழுந்தபோது அந்த ஊருக்கு வளர இடமில்லாமல் போனதைப் பற்றி அதே அளவு ஏக்கத்தோடு யாரும் பேசுவதில்லை. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். நெடுநாள் பேச்சுக்குப் பிறகு பூங்காவிலிருந்து சுமார் 86 ஹெக்டேரை விடுவித்தார்கள், டி-ஹிஸ்டானிஸ் என்ற புதிய ஊர் அதில் எழுந்தது. பூர்வகுடிகளின் நில உரிமை முழுதாகத் தீராததால் பசிபிக் ரிம் இன்னும் ‘தேசியப் பூங்கா ரிசர்வ்’ என்ற நிலையிலேயே இருக்கிறது. 2022இல் திறந்த 25 கிலோமீட்டர் சைக்கிள், நடைப்பாதைக்கு இந்தக் கரைப் பூர்வகுடிகளின் நூ-சா-நுல்த் மொழியில் பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பு பூங்கா வரைபடம் போட்டவர்களுக்கு அப்படி ஓர் எண்ணமே தோன்றியிருக்காது.

சாலையின் கடைசி ஊர் டொஃபினோ. மீன்பிடியும் மரமும் சோறு போட்ட ஊர். முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் விடுதிகள் வெறிச்சோடும். 1996இல் செஸ்டர்மன் கடற்கரைப் பாறையில் விக்கனினிஷ் இன் என்ற விடுதி எழுந்தது. அலையை நேருக்கு நேர் பார்க்கும் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் வைத்தார்கள், விருந்தினருக்கு மழைக்கோட்டும் ரப்பர் காலணியும் தந்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரிவரை புயல் பார்ப்பதே ஒரு சுற்றுலா ஆனது. கப்பல்காரர்கள் பேரைச் சொல்லவே அஞ்சிய காற்றுக்கு இன்று மாதக்கணக்கில் முன்பதிவு நடக்கிறது. கோடையிலும் உறையவைக்கும் தண்ணீரில், வெட்சூட் போட்டுக்கொண்டு ஆண்டு முழுக்க அலைச்சறுக்கு நடக்கிறது.

ஊரில் குடியிருப்பவர்கள் சுமார் 2,500 பேர். பூங்காவுக்கு வருகிறவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்த ஊரில், 2006 ஆகஸ்ட் இறுதியில், நீண்ட வாரவிடுமுறைக்கு முன்னால் குடிதண்ணீர் தீர்ந்துபோனது. விடுதிகளையும் உணவகங்களையும் மூடச் சொன்னார்கள், லாரியில் தண்ணீர் வந்தது. மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கூட்டம் வறண்ட கோடையில் வருகிறது, தேக்கிவைக்க இடம் போதவில்லை. விடுதியில் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கும் படகு ஓட்டும் பையனுக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காத ஊராகவும் அது ஆகிவிட்டது. வேன்களில் தூங்கி வேலைக்குப் போகிறார்கள். சாலையும் ஒன்றே ஒன்றுதான். 2023 ஜூனில் கேமரூன் பிளஃப்ஸ் காட்டுத்தீயில் அது இரண்டு வாரத்துக்கு மேல் அடைபட்டு, கோடை வரும்படியை நம்பியிருந்த ஊர் தவித்துப்போனது.

2015 அக்டோபர் 25 அன்று திமிங்கிலம் பார்க்கப்போன படகு ஒன்று டொஃபினோவுக்கு வெளியே ஒற்றை அலையில் கவிழ்ந்தது. 27 பேரில் ஆறு பேர் இறந்தார்கள். அபாய வெளிச்சத்தை முதலில் பார்த்து ஓடிவந்தவர்கள், பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த அஹவுசட் ஊர்க்காரர்கள். ஊரிலிருந்து மற்றப் படகுகளும் கிளம்பின. பிழைத்த 21 பேரில் பலரை மீட்டது அவர்கள் கைகள்தான். இந்தக் கடலில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் அலை எழும்பும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

அந்தப் படகுகள் தேடிப்போகும் சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் குட்டிபோட்டு, வசந்தத்தில் இந்தக் கரையை உரசிக்கொண்டு ஆர்க்டிக்கை நோக்கிப் போகின்றன. நூ-சா-நுல்த் தலைவர்கள் செடார் மரத்தைக் குடைந்த ஓடங்களில் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் திமிங்கிலம் வேட்டையாடினார்கள், திமிங்கிலம் அப்படியும் தீர்ந்துவிடவில்லை. வணிகத் திமிங்கில வேட்டைதான் எல்லாவற்றையும் துடைத்தது. தீவின் வடக்கே கோல் ஹார்பரில் திமிங்கிலம் அறுக்கும் நிலையம் 1948 முதல் 1967வரை ஓடியது. அது மூடி இருபது ஆண்டு போல ஆனபோது, அதே தீவில் திமிங்கிலத்துக்குத் திருவிழா எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கடல் நீர்நாயின் கதை இதைவிட நீளமானது, அவ்வளவு இனிமையாகவும் முடியவில்லை. 1778இல் கேப்டன் குக் நூட்கா சவுண்டுக்கு வந்தபோது அவருடைய ஆட்கள் வாங்கிப்போன நீர்நாய்த் தோல்கள் சீனாவின் கேன்டனில் கொள்ளை விலைக்குப் போயின. அந்தச் சேதி பரவிய பிறகு அந்த விலங்குக்கு விடிவே இல்லை. திமிங்கிலத்தைப் போல அதற்குக் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்க விலங்குகளிலேயே மிக அடர்ந்த ரோமம் வளர்த்துக்கொண்டது, அந்த ரோமமே எமனாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடைசி நீர்நாயை 1929இல் கியூக்வட் அருகே சுட்டார்கள். 1969க்கும் 1972க்கும் இடையில் 89 நீர்நாய்களை அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து செக்லசெட் விரிகுடாவில் விட்டார்கள். ஒரு பகுதி வந்தது அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்திய அம்சிட்கா தீவிலிருந்து. இன்று இந்தக் கரையோரம் நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அவை திரும்பியதும் கடலுக்கடியில் ஒரு காடு திரும்பியது. நீர்நாய் இல்லாத காலத்தில் கடல் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் என்ற பெரிய கடற்பாசியை அடியோடு தின்று பாறையை மொட்டையாக்கியிருந்தன. நீர்நாய் தன் எடையில் கால்வாசியை ஒரே நாளில் தின்னும், முள்ளெலி அதற்குப் பிடித்த தீனி. முள்ளெலி குறைய, கெல்ப் வளர்ந்தது. கெல்ப் நிழலில் மீன்குஞ்சு ஒண்டியது. கயாக் ஓட்டுபவர்கள் இன்று கெல்ப்பின் மேல் மல்லாந்து மிதக்கும் நீர்நாய்க் கூட்டத்தைப் படம் எடுக்கிறார்கள். ஆனால் அதே நீர்நாய் சிப்பியையும் நண்டையும்கூட வழித்துவிடுகிறது. அவற்றை நம்பி வாழ்ந்த வடகரைப் பூர்வகுடி ஊர்கள் தங்கள் பிள்ளைகளின் சோறு போய்விட்டது என்கின்றன. தங்கள் முன்னோர் ஊரை ஒட்டிய கடலில் நீர்நாயை வேட்டையாடி அளவோடு வைத்திருந்ததை நினைவூட்டுகிறார்கள். 89 விலங்குகளை இறக்கியபோது அந்த ஊர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. அந்த மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். படம் எடுத்துப் போகிறவருக்கு நீர்நாய் அழகு, அங்கேயே இருப்பவருக்கு அது தன் தட்டில் கை வைக்கும் ஜீவன்.

காட்டுக்கு வருவோம். டொஃபினோ துறையிலிருந்து பார்த்தால் எதிரே மியர்ஸ் தீவு. 1984இல் மெக்மில்லன் புளோடெல் நிறுவனம் அதன் பெரும்பகுதியை வெட்டக் கிளம்பியபோது, ட்ல-ஓ-க்வி-அட் மக்கள் அந்தத் தீவைத் தங்கள் குலப்பூங்காவாக அறிவித்தார்கள். வெட்ட வந்த படகை ஊர்க்காரர்களும் டொஃபினோவாசிகளும் கரையில் நின்று மறித்தார்கள். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டுவதற்குத் தடை கொடுத்தது. அந்த வழக்குக்காகக் காட்டுக்குள் போய்க் கணக்கெடுத்தவர்கள் பார்த்தது செடார் மரங்களின் தழும்புகளை. அடியில் ஒரு கை அகலத்துக்குக் கீறி, பட்டையைப் பற்றிப் பின்னால் நடந்து இழுத்தால், மேலே போகப் போகக் குறுகி, ஈட்டி முனைபோல முடியும் நீண்ட வடு விழும். பட்டை பாயாகவும் கயிறாகவும் துணியாகவும் ஆகும். மரம் சாகாது, வடுவின் இரு ஓரமும் சுருண்டு தடித்து வளர்ந்துகொண்டே போகும். அந்த வளையங்களை எண்ணினால் எந்தத் தலைமுறை உரித்தது என்று தெரிந்துவிடும். இங்கே யாரும் இருந்ததில்லை என்று சொல்வதற்கு இடமே இல்லாமல் மரங்கள் சாட்சி சொல்லின. இன்று படகு பிடித்துப் போய், பலகை பதித்த நடைபாதையில் நின்று ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செடாரை அண்ணாந்து பார்ப்பவர் அந்தத் தடையுத்தரவின் கீழ்தான் நிற்கிறார்.

1993இல் மாகாண அரசு, மியர்ஸ் தீவைச் சூழ்ந்த கிளாக்வட் சவுண்ட் காடுகளில் பெரும்பகுதியை வெட்ட அனுமதித்தது. அந்தக் கோடை முழுக்க ஆயிரக்கணக்கானோர் வந்து முகாமிட்டு, விடியற்காலையில் கென்னடி ஆற்றுப் பாலத்தில் லாரிகளின் முன் உட்கார்ந்தார்கள். 850க்கும் மேற்பட்டோர் கைதானார்கள், பாட்டிமார் உட்பட. எதிர்ப்பக்கம் நின்ற மரத்தொழிலாளர்கள் வில்லன்கள் இல்லை, அவர்களுக்கும் வீட்டுக்கடன் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். 2000இல் அந்தப் பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 2024இல் அஹவுசட், ட்ல-ஓ-க்வி-அட் மக்களோடு பேசி, சுமார் 76,000 ஹெக்டேரைப் புதிய காப்புப் பகுதிகளாக அறிவித்தது மாகாணம். ஒரு தீவில் படகை மறித்ததிலிருந்து அதற்கு 40 ஆண்டுகள். டொஃபினோவின் பல கடைகளும் விடுதிகளும் வாடிக்கையாளரிடம் 1 சதவீதம் வாங்கி ட்ல-ஓ-க்வி-அட் குலப்பூங்காக் காவலுக்குத் தருகின்றன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தருவதில்லை, விருப்பத்தில் தருவது.

தடத்தின் தெற்கு முனையில் இருக்கும் போர்ட் ரென்ஃப்ரூவில் இந்த மாற்றம் இன்னும் முடியவில்லை. மரம் வெட்டியே வளர்ந்த ஊர் அது, இன்று தன்னைக் கனடாவின் உயர்மரத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. விருந்தினர் தேடிவரும் மரங்களில் ஒன்று 66 மீட்டர் உயர டக்ளஸ் ஃபிர். 2011 குளிர்காலத்தில் மரம் குறிக்க வந்த அனுபவசாலி ஒருவர், வெட்டும் நிறுவனத்தின் ஆள்தான், அந்த அடிமரத்தைச் சுற்றி வெட்டாமல் விடு என்ற பச்சை நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர்கள் சுற்றியிருந்த காடு முழுவதையும் வெட்டினார்கள். வெட்டிய தடிகளை இழுக்க இதே மரத்தில்தான் எஃகுவடத்தைச் சுற்றினார்கள், பட்டையில் அந்தத் தழும்பு இருக்கிறது. இப்போது கட்டைகளும் சுள்ளிகளும் கிடக்கும் சரிவில் அது மட்டும் ஒற்றையாக நிற்கிறது. ‘பிக் லோன்லி டக்’ என்று பெயர் வைத்து, சரளைச்சாலையில் காரை ஓட்டிவந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பவர்கள் மரத்தை மட்டும் பார்க்காமல், திரும்பி நின்று அந்தச் சரிவையும் பார்க்க வேண்டும்.

அதற்கு அதிக தூரமில்லாத ஃபேரி கிரீக் பள்ளத்தாக்கில் 2020 ஆகஸ்டில் பாதை மறியல் தொடங்கி, அடுத்த ஆண்டில் 1,100க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1993ஐ மிஞ்சிய எண்ணிக்கை. இந்த முறை ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அது பச்சீடாட் மக்களின் நிலம். தங்கள் நிலத்தில் என்ன செய்வது என்பதைத் தாங்களே முடிவு செய்வோம், வெளியார் கிளம்புங்கள் என்றது அவர்களின் நிர்வாகம். அவர்களுக்குள்ளேயே போராட்டக்காரர்களோடு நின்ற மூத்தவர்களும் இருந்தார்கள். பச்சீடாட் மக்களுக்குச் சொந்தமாக மரஅறுவை ஆலை இருக்கிறது, போர்ட் ரென்ஃப்ரூ கடற்கரையில் முகாம் தளம் இருக்கிறது, ஓடத்துக்கும் தூணுக்கும் ஏற்ற செடார் இனி வரும் தலைமுறைகளுக்கும் கிடைக்க 400 ஆண்டுத் திட்டம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். காட்டைத் தொடவே கூடாது என்பது அவர்கள் வாதமில்லை. யார் தொடுவது, எவ்வளவு தொடுவது என்பதே அவர்கள் கேட்பது. 2021 ஜூனில் பச்சீடாட், டிட்டிடாட், ஹூ-ஏ-அட் மூவரும் சேர்ந்து, ஃபேரி கிரீக்கிலும் நடு வால்பிரன் பள்ளத்தாக்கிலும் பழங்காட்டை வெட்டுவதை இரண்டு ஆண்டு நிறுத்தி வைக்கும்படி மாகாணத்துக்கு அறிவித்தார்கள், மாகாணம் ஒப்புக்கொண்டது. தடம் போகும் நிலத்தின் அதே மூன்று மக்கள். அந்தக் கெடு முடிந்ததும் ஃபேரி கிரீக்குக்கான நிறுத்தத்தை நீட்டினார்கள். அந்தக் காட்டுக்கு அவர்கள் தீட்டும் திட்டத்தின் வேலை நடந்துகொண்டிருக்கிறது.